காடு ஏறிய வாக்குப்பெட்டி கடல் தாண்டட்டும்

2024 ஏப்ரலில் மூணாறிலிருந்து ஒன்பது பேர் காட்டுக்குள் நடந்தார்கள். அவர்களில் மூன்று பேர் பெண்கள். எல்லோரும் தேர்தல் பணியாளர்கள். இடமலைக்குடியில் நூறடி என்ற முதுவர் குடியிருப்பில் 92 வயதுப் பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வீட்டிலிருந்தே வாக்களிக்க விரும்புவதாக அவர் விண்ணப்பித்திருந்தார். அந்த ஒரு வாக்குக்காக, யானை நடமாடும் பாதையில், ஓடையும் பாறையும் கடந்து 18 கிலோமீட்டர் நடந்து போனார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் மறைப்பு வைத்து, அவர் கையால் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த நாளில் மனசு நிறைந்துபோனது. இடமலைக்குடி 2010ல் உருவான ஊராட்சி. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியும் அதுதான். சாலைக்கும் மருத்துவத்துக்கும் அந்த மக்கள் காத்துக் கிடந்தது வேறு கதை. ஆனால், வாக்கு என்று வந்தபோது அரசு அவரை நடந்து வரச் சொல்லவில்லை. தானே நடந்து போனது.

அதே மாதம் 26ஆம் தேதி கேரளம் முழுவதும் வாக்குப்பதிவு. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடி. வாசலில் வேப்பமர நிழலில் ஓர் அம்மா கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். திரையில் ஷார்ஜாவிலிருந்து மகன்.

“போட்டுட்டியாம்மா?”

“போட்டாச்சு சாமி. இங்க பாரு” என்று இடது கைச் சுட்டுவிரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மை இன்னும் முழுதாகக் காயவில்லை. அவன் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பூத்தில் கூட்டமா, வெயில் எப்படி, யார் யார் வந்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவன் அங்கே ஓட்டுநர். போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். லீவு கிடைக்கும் மாசத்தில் தேர்தல் வராது, தேர்தல் வரும் மாசத்தில் லீவு கிடைக்காது. இதுவரை ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை என்றார் அம்மா.

கைப்பேசி வழியாகத்தான் அவன் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். மின்கட்டணம், பிள்ளையின் பள்ளிக்கட்டணம், அம்மாவின் மருந்துக்கான தொகை எல்லாம் அதில்தான் போகின்றன. அவனுடைய வாக்கு மட்டும் அதன் வழியே ஊருக்கு வருவதற்கு இந்த நாட்டுச் சட்டத்தில் வழியில்லை.

பதினைந்து ஆண்டுக்கு முன்பு வரை அவனைப் போன்றவர்களுக்கு வாக்காளர் என்ற பெயரே கிடையாது. 2010ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2011 பிப்ரவரியிலிருந்து, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர் வெளிநாட்டில் இருந்தாலும் தம் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குரிய தொகுதியில் பெயரைச் சேர்க்கலாம். 6ஏ என்ற படிவத்தை நிரப்பினால் போதும். பெயர் சேரும். ஆனால், வாக்களிக்க வேண்டுமானால் தேர்தல் நாளன்று அசல் பாஸ்போர்ட்டோடு அந்தச் சாவடிக்கு நேரில் வந்து நிற்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிட்ட கதை இது.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 2019 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் வெளிநாட்டு வாக்காளர்களாகப் பதிந்திருந்தார்கள். வந்து வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 25,600 பேர். அவர்களில் நூறு பேர்கூட வேறு மாநிலத்தவர் இல்லை, மற்ற எல்லோரும் கேரளத்தவர். வளைகுடாவிலிருந்து கோழிக்கோட்டுக்கும் கண்ணூருக்கும் அமைப்புகள் ஏற்பாடு செய்த ‘வோட்டு விமானங்கள்’ அந்தக் காலத்துச் செய்திகள். 2024ல் பதிந்தவர்கள் 1,19,374 ஆக உயர்ந்தார்கள். வாக்களித்தவர்கள் 2,958 ஆகச் சரிந்தார்கள். கேரளத்தில் மட்டும் 89,839 பேர் பதிந்து, 2,670 பேர் வந்தார்கள். நூற்றுக்கு மூன்று பேர்! 2023ஆம் ஆண்டு கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. அந்த 22 லட்சத்தோடு 2,670ஐ வைத்துப் பார்க்கும்போது, பதிவுப் பட்டியலின் நீளத்தைச் சொல்லி நாம் பெருமைப்பட முடியவில்லை.

டெல்லிக்கு இது தெரியாமலில்லை. வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் ஒருவரைப் பதிலாளாக நியமித்து வாக்களிக்கலாம் என்ற மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறுவதற்குள் மக்களவையின் காலம் முடிந்து காலாவதியானது. 2020 நவம்பரில் தேர்தல் ஆணையமே சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது: வெளிநாட்டு வாக்காளர்களுக்கும் மின்வழித் தபால் வாக்குச்சீட்டை அனுப்பத் தயாராக இருக்கிறோம், 2021ல் நடக்கவிருக்கும் சட்டமன்றத் தேர்தல்களிலேயே தொடங்கலாம் என்று. அந்தத் தேர்தல்களில் கேரளமும் தமிழகமும் இருந்தன. அதற்குத் தேவையான விதித் திருத்தம் வரவில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்குகளும் 2022 நவம்பரில் முடித்துவைக்கப்பட்டன. ஷார்ஜா ஓட்டுநர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

பட்டாளத்துக்காரர்களின் நிலை இதைவிடப் பரவாயில்லை. எப்படி மாறியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கான வழியும் அதில்தான் இருக்கிறது.

ராணுவம், எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்றவற்றில் இருப்பவர்களும், சொந்த மாநிலத்துக்கு வெளியே பணிபுரியும் ஆயுதப்படைப் போலீசாரும், வெளிநாட்டில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர்களும் ‘சேவை வாக்காளர்’கள். வாக்காளர் பட்டியலின் கடைசிப் பகுதியில் இவர்களுக்குத் தனி இடம் உண்டு. முன்பெல்லாம் வாக்குச்சீட்டு அச்சாகி, உறையில் போட்டு, தபாலில் படைப்பிரிவைத் தேடிப் போகும். அது போய்ச் சேரும்போது பிரிவு வேறு இடத்துக்கு மாறியிருக்கும். சில உறைகள் தேர்தல் முடிந்த பிறகு போய்ச் சேரும்.

2016 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். சி-டாக் நிறுவனத்தோடு சேர்ந்து ஆணையம் உருவாக்கிய முறையில், வாக்குச்சீட்டு கணினி வழியாகப் படைப்பிரிவின் அலுவலகத்துக்குப் போகும். ரகசியக் குறியீட்டு எண்ணைக் கொடுத்து இறக்கி, அச்சிட்டுக்கொள்ளலாம். அந்த ஆண்டு நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதன்முதலாக அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஒரு சின்னத் தொகுதியில் சோதித்து, பிறகு நாடு முழுவதும் விரித்தார்கள். 2019ல் 18 லட்சம் சேவை வாக்காளர்களுக்கு இப்படி வாக்குச்சீட்டு போயிற்று. பத்து லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் திரும்பி வந்தன. நூற்றுக்கு அறுபது. ஒரு விதித் திருத்தமும் ஒரு மென்பொருளும் செய்த வேலை இது.

அப்படியானால் மீதி நாற்பது எங்கே போயிற்று? வாக்களிக்க விரும்பாதவர்கள் இருப்பார்கள். ஆனால், இந்த முறையில் தொழில்நுட்பம் பாதி தூரம்தான் வருகிறது. வாக்குச்சீட்டு மின்னல் வேகத்தில் போகும். திரும்பும்போது தபால்காரரின் பையில்தான் வர வேண்டும். வீரர் அச்சிட்ட சீட்டில் குறியிட்டு உள்ளுறையில் போட வேண்டும். உறுதிமொழிப் படிவத்தில் அதிகாரியின் சான்றொப்பம் வாங்க வேண்டும். இரண்டையும் வெளியுறையில் போட்டு ஒட்டி அஞ்சலில் சேர்க்க வேண்டும். வாக்கு எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் அது தேர்தல் அதிகாரியின் கைக்கு வந்திருக்க வேண்டும். 8 மணி தாண்டினால் அந்த உறையைப் பிரிக்கக்கூட மாட்டார்கள்.

பாலக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் சட்டமன்ற இடைத்தேர்தல். முதலில் குறித்த தேதி 13. அன்றுதான் கல்பாத்தித் தேரோட்டம் தொடங்குகிறது. தமிழ் அக்கிரகாரத்துத் தேர் என்றாலும் ஊரே திரளும் திருவிழா. மக்கள் வாக்களிக்க முடியாமல் போகுமே என்று எல்லாக் கட்சிகளும் கேட்டுக்கொண்டன. ஆணையமும் வாக்குப்பதிவை 20ஆம் தேதிக்கு மாற்றியது. நல்ல முடிவு. ஆனால், எண்ணும் நாள் 23 என்பது மாறவில்லை. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் அக்டோபர் 30. அதற்குப் பிறகுதான் வாக்குச்சீட்டே இறுதியாகும். ஆக, அருணாசல எல்லையில் நிற்கும் பாலக்காட்டுக்காரரின் சீட்டு போய், அச்சாகி, கையொப்பமாகி, பனியும் மலையும் கடந்து ஊர் வந்து சேர மொத்தம் 24 நாள். நடுவில் தீபாவளியும் வந்துபோனது. தேருக்காக ஒரு வாரம் பொறுத்த ஆணையம், தபால் பைக்காக ஒரு நாளும் பொறுக்க முடியாது. எண்ணும் நாள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒரு வாக்கில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பாலக்காட்டை ஒட்டிய பெரிந்தல்மண்ணையை நினைத்துப்பார்க்கட்டும். 2021 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 38 வாக்குகள். எண்ணாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட சிறப்புத் தபால் வாக்குகள் 348. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2023 ஜனவரியில் அந்தத் தபால் வாக்குப் பெட்டிகளில் ஒன்று கருவூலத்தில் இல்லை என்று தெரியவந்து, வேறோர் அரசு அலுவலகத்தில் கண்டெடுத்தார்கள். தபால் உறை என்பது எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது, எந்தக் கையிலெல்லாம் தவறிப்போகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

படையினருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2003ல் வந்த திருத்தத்தின்படி ஊரில் ஒருவரைப் பதிலாளாக நியமிக்கலாம். பெரும்பாலும் மனைவியோ அப்பாவோ இருப்பார்கள். பதிலாளுக்கு இடது கை நடுவிரலில் மை வைப்பார்கள். தன் வாக்குக்குச் சுட்டுவிரலில் ஒரு கோடு, கணவரின் வாக்குக்கு நடுவிரலில் இன்னொரு கோடு. அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தாலே ஒரு குடும்பத்தின் வாழ்க்கை தெரிந்துவிடும். ஆனால், யாருக்கு என்று அவர் சொல்லியாக வேண்டும். சொன்னபடி இவர் போட்டாரா என்று அவருக்குத் தெரியப் போவதில்லை. ரகசிய வாக்கு என்பது அங்கே இல்லாமல் போகிறது. வெளிநாட்டினருக்கு 2018 மசோதா தர நினைத்ததும் இதே வழிதான். அது காலாவதியானதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

எனக்கு வேண்டியது, அந்த மகனின் வாக்கை அந்த மகனே போடுவது. அதற்குத் தொலைபேசி போதும் என்று நம்புகிறேன். தொலைபேசி என்று நான் சொல்வது செயலியை அல்ல, குரலை.

செயலி என்றதும் நம் ஊரில் கண்கள் விரிகின்றன. தெலங்கானாவில் 2021 அக்டோபரில் கம்மத்தில் கைப்பேசி வாக்களிப்பு ஒத்திகை பார்த்தார்கள். பிகாரில் 2025 ஜூன் 28 அன்று சில நகராட்சித் தேர்தல்களில் உண்மையாகவே கைப்பேசிச் செயலியில் வாக்களிக்க வைத்தது அந்த மாநிலத் தேர்தல் ஆணையம். நல்ல முயற்சிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால், நகராட்சி உறுப்பினர் தேர்தல் வேறு, நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கும் தேர்தல் வேறு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2018ல் தன் படையினருக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் வோட்ஸ் என்ற செயலியைத் தந்தது. 144 பேர் அதில் வாக்களித்தார்கள். 2020 பிப்ரவரியில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, வாக்கை இடையில் மாற்றவும் பார்க்கவும் இடமிருக்கிறது என்று காட்டினார்கள். அந்த மாநிலம் செயலியைக் கைவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஐவோட் என்ற இணைய முறை 2021 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் நெரிசல் தாங்காமல் நின்றது. வாக்களிக்க முடியாமல் போனவர்களின் எண்ணிக்கை வெற்றி தோல்வியையே மாற்றியிருக்கும் என்பதால், மூன்று இடங்களின் முடிவை நீதிமன்றம் செல்லாது என்றது. எஸ்டோனியாவில் 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இணையத்தில் விழுந்தன, உண்மைதான். ஆனால், அது 2005லிருந்து படிப்படியாக வளர்ந்த ஏற்பாடு. பத்து லட்சத்துச் சொச்ச மக்கள். எல்லோரிடமும் மின்னணு அடையாள அட்டை. நம் கதை அதுவல்ல.

அதே ஆஸ்திரேலியா 2013 கூட்டாட்சித் தேர்தலிலிருந்து பார்வையற்றவர்களுக்குச் சாதாரணத் தொலைபேசியில் வாக்களிக்கும் வசதியைத் தருகிறது. பார்வை இல்லாதவர் முதலில் ஒரு எண்ணை அழைத்துப் பதிவு செய்கிறார். அவர் யார் என்று சரிபார்த்து, ஒரு பதிவு எண் தருகிறார்கள். ரகசிய எண் ஒன்றையும் அவர் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். வாக்களிக்க மறுபடி அழைக்கும்போது பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அந்த இரண்டு எண்களைச் சொன்னால் போதும். எதிர்முனையில் இருப்பவர் வேட்பாளர்களின் பெயரை வரிசையாகப் படிக்கிறார். வாக்காளர் சொல்வதை அச்சிட்ட வாக்குச்சீட்டில் குறிக்கிறார். பக்கத்தில் இன்னொரு அலுவலர் அது சரியா என்று பார்க்கிறார். சீட்டு உறைக்குள் போகிறது. வாக்களிப்பவருக்குத் தெரிந்தது ஒரு குரல், குறிப்பவருக்குத் தெரிந்தது ஓர் எண். கடைசியில் கையில் மிஞ்சுவது காகிதம். எண்ணலாம், மறுபடி எண்ணலாம், நீதிமன்றத்தில் வைக்கலாம். 2022ல் கொரோனா வந்து தனிமையில் இருந்தவர்களுக்கும் இதே வசதியை விரித்தார்கள்.

இதில் நான் பெரிதாக நினைப்பது, வாக்கு திரும்பும் வழியில் தபால் பை இல்லை என்பது. இதை இங்கே கொண்டுவந்தால், வாக்குச்சீட்டு தன் தொகுதியிலேயே, தேர்தல் அதிகாரியின் காவலிலேயே பிறந்து அங்கேயே தங்கும். 24 நாளுக்குள் பனிமலையைத் தாண்டும் கவலை தீர்ந்தது. இணையம் எட்டாத எல்லை முகாமிலும் படைப்பிரிவின் தொலைபேசி இருக்கும். புதிதாகக் கருவி வாங்க வேண்டாம், செயலி இறக்க வேண்டாம். எழுதப் படிக்கத் தடுமாறும் தொழிலாளியும் பேசுவார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் எந்த மொழியில் பேசுவார்? சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் வாக்காளர்களில் கணிசமான பகுதி தமிழர்கள். மறையூரிலும் வட்டவடையிலும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் பிறந்து பட்டாளத்துக்கோ வளைகுடாவுக்கோ போன பையன், ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று தமிழில் கேட்டால்தான் தயக்கமில்லாமல் பதில் சொல்வான். தமிழ் சிறுபான்மை உள்ள இடங்களில் வாக்குச்சீட்டில் தமிழ் எழுத்தும் வேண்டும் என்பதற்கு என்ன நியாயமோ, தொலைபேசிக் குரலுக்கும் அதே நியாயம்தான். திருவனந்தபுரத்தில் ஒரே அறையில் மலையாளத்தில் மட்டும் இதை நடத்திவிட்டால், எல்லையோரத்துக்காரர் வரிசையில் கடைசியில்தான் நிற்பார்.

மறுப்புகள் வரும். வர வேண்டும்.

முதலாவது, பக்கத்தில் நிற்பவரின் கண். வளைகுடாவில் ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிற இடத்தில், சத்தமாக வேட்பாளரின் எண்ணைச் சொல்வது எப்படி ரகசியமாகும்? முகாமில் மேலதிகாரி பக்கத்தில் நின்றால்? கேள்வி சரியானது. என்னைக் கேட்டால், வீட்டிலிருந்தும் அறையிலிருந்தும் அழைக்க முதல் கட்டத்தில் அனுமதிக்க வேண்டாம். படைப்பிரிவில் ஓர் அடைத்த அறை. வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தின் ஓர் அடைத்த அறை. அங்கே ஒரு தொலைபேசி. பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போகலாம், தனியாகப் பேசிவிட்டு வரலாம். பாஸ்போர்ட் வேலைக்காகத் தூதரகத்தார் விடுமுறை நாளில் தொழிலாளர் வசிக்கும் பகுதிகளுக்கே போய் முகாம் போடுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த முகாமில் இன்னொரு மேசை, இன்னொரு தொலைபேசி. அடையாளத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: ஆளை ஓர் அரசு அலுவலர் நேரில் பார்க்கிறார், வாக்கை வேறோர் அலுவலர் குரலில் கேட்கிறார், இரண்டு பேருக்கும் தொடர்பில்லை. வாக்கு ரகசியத்தைக் காக்காத தேர்தல் பணியாளருக்கு மூன்று மாதம் வரை சிறை என்று 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 128ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. தொலைபேசி வாக்குக்கு அந்தத் தண்டனையைக் கூட்டினாலும் தகும்.

இரண்டாவது மறுப்பு நம் எல்லைக்கே உரியது. இங்கே இரட்டை வாக்கு என்ற சந்தேகம் ஒவ்வொரு தேர்தலிலும் கிளம்புகிறது. ஏலத்தோட்டத்து வேலைக்குக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தினமும் ஜீப்பில் மலையேறும் மக்கள். மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு. 2021 ஏப்ரல் 6 அன்று இரண்டு மாநிலமும் ஒரே நாளில் வாக்களித்தபோது, இரட்டைப் பெயர்ப் புகார் உயர் நீதிமன்றம் வரை போய், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகளில் காவல் போட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காக இரண்டு பக்கமும் அலைகிற கூலித் தொழிலாளியைத் திருடனைப் போலப் பார்க்கும் பார்வை எனக்குப் பிடிக்காது. ஆனாலும், அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிட்டுப் புது முறை கொண்டுவர முடியாது. தொலைபேசியில் பேசுபவரின் விரலில் மை வைக்க முடியாதே. மைக்குப் பதில் பட்டியல்தான் பேச வேண்டும். தபால் வாக்கு கேட்டவரின் பெயருக்கு நேரே சாவடிப் பட்டியலில் ‘பி.பி.’ என்று குறிப்பது இன்றும் வழக்கம். அவர் சாவடிக்கு வந்தால் இயந்திரத்தில் வாக்களிக்க விடமாட்டார்கள். தொலைபேசி வாக்குக்குப் பதிந்தவர் பெயருக்கும் அப்படியே குறியிடலாம். சேவை வாக்காளர்களும் வெளிநாட்டு வாக்காளர்களும் பட்டியலில் ஏற்கெனவே தனியாகத்தான் இருக்கிறார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால், இவர்களிடம் குழப்பம் வர வாய்ப்புக் குறைவு.

மூன்றாவது, சட்டம். இதில் கேரளத்துக்கு ஒரு பழைய வடு உண்டு. இந்தியாவில் வாக்குப்பதிவு இயந்திரம் முதலில் வந்த இடம் எர்ணாகுளம் மாவட்டத்துப் பரவூர்த் தொகுதி. 1982 மே 19, 50 சாவடிகள். சிவன் பிள்ளை 123 வாக்கில் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். சட்டம் சொல்வது வாக்குச்சீட்டை. இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் காகிதத்தில் மறுவாக்குப்பதிவு நடந்தது, முடிவே மாறியது. பிறகுதான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இயந்திரத்தைச் சேர்த்தது. கருவி சரியாக இருந்தும், சட்டம் முன்னால் வராததால் ஆறேழு ஆண்டு போயிற்று. தொலைபேசி வாக்குக்கு அந்தத் தவறு மறுபடி நடக்கக் கூடாது. முதலில் சட்டத்தில் ஒரு வரி, பிறகு ஓர் இடைத்தேர்தலில் சேவை வாக்காளர்களுக்கு மட்டும் சோதனை, அதற்குப் பிறகு வெளிநாட்டினர். நெல்லித்தோப்பில் தொடங்கியதைப் போல.

மற்ற நாடுகள் காத்திருக்கவில்லை. 2025 மே மாதத் தேர்தலில் பிலிப்பைன்ஸ், வெளிநாட்டில் உழைக்கும் தன் மக்களுக்கு இணைய வழியில் வாக்களிக்கும் வசதியைத் திறந்தது. வங்கதேசம் 2025 நவம்பரில், புலம்பெயர்ந்தவர்கள் கைப்பேசியில் பதிந்து தபாலில் வாக்குச்சீட்டு பெறும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஷார்ஜாவில் நம் ஓட்டுநரோடு ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கும் வங்கதேசத்தவருக்கும் தம் நாட்டை நோக்கி ஒரு வழி கிடைத்துவிட்டது. அவர்களுடைய முறைகளை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் தொடங்கிவிட்டார்கள், நாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

இந்தியத் தேர்தலின் முகத்தை மாற்றிய டி.என். சேஷன் பாலக்காட்டுத் திருநெல்லாயிக்காரர். 1993ல் அவர் வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை வேண்டும் என்றபோது, இத்தனை கோடிப் பேருக்கு எப்படி முடியும், பணத்துக்கு எங்கே போவது என்று ஆட்சியில் இருந்தவர்களே கேட்டார்கள். அட்டை தராவிட்டால் தேர்தலே இல்லை என்று அவர் நின்றார். இன்று அந்த அட்டை இல்லாத வீட்டைத் தேட வேண்டும். அவர் பிறந்த மண்ணிலிருந்து இந்தக் கோரிக்கை எழுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஆகவே பாலக்காடு, ஆலத்தூர், இடுக்கி மக்களவை உறுப்பினர்களிடமும், மலைக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி, தேனி உறுப்பினர்களிடமும் ஒரு வேண்டுகோள். கட்சியை ஒதுக்கிவைத்துவிட்டு ஐந்து பேரும் சேர்ந்து நாடாளுமன்றத்தில் கேளுங்கள்: 2020ல் ஆணையம் எழுதிய கடிதத்துக்கு அரசின் பதில் என்ன? சேவை வாக்காளர்களுக்குக் குரல்வழி வாக்கைச் சோதிக்கச் சட்டத் திருத்தம் எப்போது?

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்தால், பட்டியலின் கடைசிப் பகுதியில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே வசிக்கும் கணவரோ மனைவியோ இருந்தால் அந்தப் பெயரையும் சேர்க்கலாம். 2021ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பணியில் இருப்பவர் பெண்ணானால் அவருடைய கணவருக்கும் அந்த உரிமை உண்டு. வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் 6ஏ படிவத்தை அவருக்கு இன்றைக்கே அனுப்புங்கள். இணையத்திலேயே நிரப்பலாம், கட்டணம் கிடையாது. வழி திறக்கிற நாளில் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.